ஆறாவது தொப்பி

ஐந்து தொப்பிகள்தான் தெரிந்தன.

ஆறு இருக்க வேண்டும்.

அவள் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தாள். மடியிலிருந்த துண்டு கீழே நழுவியது.

பெங்களூரில் டிசம்பர் காலை, ஏழு மணி. வெளியே பதினான்கு டிகிரி. குளத்துக்குள் முப்பது. சூடாக்கிய தண்ணீரிலிருந்து எழுந்த ஆவி, கூரையில்லாத குளத்தின் மேல் கலையாமல் நின்றது. அதற்குள் குழந்தைகளின் கூச்சல் கேட்டது. ஆரஞ்சுத் தொப்பிகள் தெரிந்தன, மறைந்தன.

மூன்று.

நான்கு. ஐந்து.

மாளவி எங்கே?

மூன்று வாரமாக அவள் மகள்மேலிருந்து கண்ணை எடுத்ததில்லை. மற்ற அம்மாக்கள் போனைப் பார்த்தார்கள், காபி வாங்கி வந்து குடித்தார்கள், பேசிச் சிரித்தார்கள். அவளால் முடியவில்லை.

மாளவிக்கு ஒன்பது வயது. ஐந்து வயதில், பள்ளி மாடிப்படியில், முதல்முறை வலிப்பு வந்தது. கடைசியாக வந்து மூன்று வருடமாகிறது. மாத்திரையும் நிறுத்தியாயிற்று. இனி நீந்தலாம் என்றார் டாக்டர். ஆனால் கற்றுக்கொடுப்பவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், கை எட்டும் தூரத்தில் அவர் இருக்க வேண்டும் என்றார்.

முதலில் போன இரண்டு இடங்களிலும் அவள் உண்மையைச் சொன்னாள். இரண்டு இடங்களிலும் முடியாது என்றார்கள். இரண்டாவது இடத்தில் மாளவியும் பக்கத்தில் நின்றிருந்தாள், கவுனுக்குள் புது நீச்சலுடையைப் போட்டுக்கொண்டு.

மூன்றாவது இடம் இது. படிவத்தில், வலிப்பு உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது.

இல்லை என்று எழுதினாள்.

அப்போது மகள் அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

இப்போது அவள் செருப்போடு ஓடினாள். ஈரத் தரை வழுக்கியது. முழங்கால் தரையில் மோதியது. அப்படியே குளத்தின் விளிம்புவரை தவழ்ந்து போனாள்.

"மிஸ், என் பொண்ணைக் காணோம். அவளுக்கு ஃபிட்ஸ் வரும்."

குளம் முழுவதும் அது கேட்டது. காபிக் கோப்பையோடு இருந்தவர்கள் திரும்பினார்கள்.

ஆவிக்குள்ளிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது.

"இங்கதான் இருக்கா. என் பக்கத்துல."

பிறகு தெரிந்தது. குழந்தைகள் பிலோ மிஸ் என்று கூப்பிடும் பிலோமினா, மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். அவரை ஒட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு மாளவி. முடி முகமெல்லாம் அப்பியிருந்தது. கழன்றுபோன ஆறாவது தொப்பி மிஸ்ஸின் கையில் இருந்தது.

அவ்வளவுதான்.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மிஸ் மாளவிக்குத் தொப்பியை மாட்டிவிட்டார். சுவரைப் பிடித்துக் காலடித்துப் பழகச் சொன்னார். பிறகு இரண்டு எட்டு மட்டும் நகர்ந்து, விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். மாளவியிடமிருந்து பார்வையைத் திருப்பாமலே மெதுவாகச் சொன்னார்.

"எனக்குத் தெரியும்மா."

அவள் நிமிர்ந்தாள்.

"முதல் நாளே அவளே சொல்லிட்டா."

உடை மாற்றும் அறையில் எல்லாரும் போன பிறகு, மிஸ்ஸின் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னாளாம். எப்போது முதலில் வந்தது, எப்போது கடைசியாக வந்தது, டாக்டர் என்ன சொன்னார், எல்லாம். அம்மா சொல்ல மாட்டாங்க, நீங்க என் பக்கத்துலயே இருங்க என்றாளாம். தான் சொன்னது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் பயந்துபோய் நிறுத்திவிடுவாள் என்றும் சொன்னாளாம்.

அன்றிலிருந்து மற்ற ஐந்து குழந்தைகளை இன்னொரு பயிற்சியாளர் பார்த்துக்கொள்கிறார். பிலோ மிஸ் மாளவியை விட்டு நகர்வதில்லை.

அதை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். மகளுக்கு நீச்சல் சரியாக வரவில்லை, அதனால்தான் மிஸ் கூடவே நிற்கிறார் என்று நினைத்திருந்தாள்.

"நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்," என்றார் மிஸ். "நானே உங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். என் மேலயும் தப்பு இருக்கு."

அடுத்த சனிக்கிழமைக்குள் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார். வேறெதுவும் கேட்கவில்லை.

"அப்போ அவ வரலாமா?"

"வரட்டும்."

அவள் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி துடைத்துக்கொண்டாள்.

மாளவி காலடிப்பதை நிறுத்திவிட்டிருந்தாள். கை மாற்றிக் கை வைத்து, சுவரைப் பிடித்தபடியே அம்மாவிடம் வந்தாள். நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அம்மாவின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேன்."

மாளவி மிஸ்ஸைப் பார்த்தாள். நாற்காலிகளில் இருந்தவர்களைப் பார்த்தாள். யாரும் தங்கள் குழந்தையைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பவில்லை. ஒரு அம்மா, விழுந்துகிடந்த துண்டை எடுத்து உதறி, காலி நாற்காலியில் மடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மாளவி கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, மூச்சை விட்டாள்.

குமிழிகள் வந்தன.

வந்துகொண்டே இருந்தன.

அவ்வளவு மூச்சையும் இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாளோ.