சூடு மட்டும் போதும்

பெட்டி குளிர்ந்துகொண்டிருந்தது.

நர்ஸ் உள்ளே புறங்கையை வைத்துப் பார்த்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

குழந்தை பிறந்து மூன்று மணி நேரம். ஆயிரத்து இருநூறு கிராம். மூச்சு நினைத்தால் வந்தது, நினைத்தால் நின்றது. நிற்கும்போதெல்லாம் அவள் முகமூடியைப் பொருத்தி, சின்னக் காற்றுப் பையை இரண்டு விரலால் அழுத்தினாள். இப்போது நிற்பதுதான் அதிகம்.

மலையிலிருந்து இறங்கும் ஆம்புலன்ஸ். நாற்பது வளைவு. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. சூடு தரும் பெட்டியோ நான்காவது வளைவிலேயே அணைந்துவிட்டது.

“சட்டையைக் கழட்டுங்க” என்றாள்.

எதிரே உட்கார்ந்திருந்த ரூபன் புரியாமல் பார்த்தான். குழந்தையின் அப்பா. டீ ஃபேக்டரியில் வேலை. மனைவி சகாயராணி, ஆபரேஷன் முடிந்து மேலே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். குழந்தையை அவன் இன்னும் தொட்டிருக்கவில்லை.

“எங் கையெல்லாம் காய்ச்சுப் போய்க் கெடக்குங்க, சிஸ்டர்.”

“கை வேண்டாம். நெஞ்சுதான் வேணும்.”

குழந்தையை அவன் மார்பில் கவிழ்த்து, துணி சுற்றி, மேலே சட்டையைப் போர்த்தினாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“நீங்க மூச்சு விடலாம்.”

விட்டான்.

அவள் கோட்டுப் பைக்குள் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. இரண்டு கையும் குழந்தையிடம் இருந்தன.

“எடுத்து என் காதுல வைங்க.”

ஒரு கையால் குழந்தையைத் தாங்கி, மறு கையால் போனை அவள் காதில் வைத்தான்.

மேலேயிருந்து டாக்டர். சகாயராணிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோகிறார்கள். ரத்தம் வேண்டும். புருஷனுக்கும் அதே குரூப். உடனே அனுப்புங்கள்.

வளைவில் லைன் அறுந்தது.

ரூபன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பாப்பாவைப் பத்திங்களா?”

“இல்ல.”

ஒரு வளைவு போயிற்று. இவன் இறங்கினால் குழந்தை குளிர்ந்துவிடும். தன் கையோ காற்றுப் பையை விட்டு நகர முடியாது.

இன்னொரு வளைவு. இவன் இறங்காவிட்டால்.

மூன்றாவது வளைவில் சொல்லிவிட்டாள்.

அவன் அழவில்லை. கீழே குனிந்து, சட்டைக்குள் தெரிந்த உச்சந்தலையைப் பார்த்தான்.

“நான் எறங்குனா இதுக்கு யாருங்க?”

அவள் முன்பக்கத் தடுப்பை முழங்கையால் இடித்தாள்.

“மயில்சாமியண்ணே, மேல போற பஸ் வந்தா மறிங்க. இவரு அதுல ஏறணும், பாப்பாவ வச்சுக்க யாராச்சும் ஒரு அம்மா எறங்கி வரணும்.”

டிரைவர் மயில்சாமி வேகத்தைக் குறைத்தார். அடுத்த வளைவில் பஸ் வந்தது. வண்டியைக் குறுக்கே போட்டு நிறுத்திவிட்டு மழையில் இறங்கி ஓடினார். பஸ்ஸின் படியில் நின்று அவர் பேசும் சத்தம் கேட்டது. வார்த்தை கேட்கவில்லை.

அழுத்து. விடு. அழுத்து. விடு.

பஸ்ஸுக்குள் ஒரு சத்தமும் இல்லை.

யாரும் வரமாட்டார்கள் என்று அவள் முடிவு செய்தபோது பின்கதவு திறந்தது.

நாற்பத்தைந்து வயது இருக்கும். தேயிலை பறிக்கிற கை. செருப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டு ஏறினார்.

“எம்பேரு ஞானப்பூ. பால் வத்திப் பல வருசம் ஆச்சும்மா.”

“பால் வேண்டாங்கம்மா. சூடு மட்டும் போதும்.”

ரூபன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஞானப்பூ ஜாக்கெட்டைத் தளர்த்தினார். குழந்தை மாறியது. மேலே சேலை மூடியது.

ரூபன் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு குதித்தான். பஸ் வரைக்கும் போனான். திரும்பி ஓடிவந்து, சேலைக்கு வெளியே தெரிந்த பாதத்தை ஒரு விரலால் தொட்டான். போய்விட்டான்.

மலை இறங்கும்வரை ஞானப்பூவுக்கு வாய் ஓயவில்லை. எஸ்டேட் லைன் வீட்டுக்குப் பின்னால் கரடி வந்தது. ரேஷனில் பருப்பு போடாதது. திருப்பூருக்குப் போன மகன் போன் பண்ணாதது. எல்லாவற்றையும் அந்தச் சின்னக் காதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

குழந்தையின் மூச்சுச் சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.

கீழே ஆஸ்பத்திரியில் நாலைந்து கைகள் காத்திருந்தன. குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடின.

“முப்பத்தாறரை” என்று யாரோ சொல்வது கேட்டது. உடம்புச் சூடு.

அவள் சுவரில் சாய்ந்தாள். இரண்டு விரலும் இன்னும் காற்றை அழுத்திக்கொண்டிருந்தன.

ரூபன் போனில் வந்தான்.

“ரத்தம் குடுத்துட்டேங்க. உள்ள கொண்டு போயிருக்காங்க. ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க. பாப்பா?”

“சூடா இருக்கா.”

சொந்தக்காரர்கள் காலையில்தான் வருவார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். மயில்சாமி வண்டியைக் கிளப்பி வைத்திருந்தார். வேறொரு ஊர். வேறொரு குழந்தை. மாற்றுப் பெட்டி ஏற்றியாகிவிட்டது.

“முன்னாடி ஏறுங்கம்மா. பஸ் ஸ்டாண்டுல விட்டுடறோம். ஆறு மணிக்குக் கடைசி பஸ்” என்றார் ஞானப்பூவிடம்.

ஞானப்பூ ஏறிக்கொண்டார். சேலையை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தார்.

வண்டி கேட்டை நெருங்கியபோது வராந்தா மைக் கரகரத்தது.

“சகாயராணி குழந்தை. சகாயராணி குழந்தையோட ஆளுங்க யாராச்சும் இருந்தா உடனே வரவும்.”

மயில்சாமி பிரேக்கில் கால் வைத்தார். கண்ணாடி வழியே அவளைப் பார்த்தார். அவள் கையில் இருந்த போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது. அடுத்த ஊர்.

மைக் இரண்டாவது முறை கூப்பிட்டது.

ஞானப்பூ கதவைத் தடவிக்கொண்டிருந்தார்.

“இத எந்தப் பக்கம்ப்பா இழுக்கணும்?”