திராட்சை யானை

ஓடைப்பட்டிக் கண்காட்சியில் வேல்பாண்டி திராட்சைக் கொத்துகளாலேயே செய்து நிறுத்தியிருந்த யானைக்கு, மதியத்துக்குள் ஒரு காதைக் காணோம். பார்க்க வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பிய்த்துத் தின்றிருந்தார்கள்.

"எத்தன தடவ சொல்றது? விட்டா தும்பிக்கையவும் தின்னுட்டுப் போயிருவாக" என்று எரிந்து விழுந்தான்.

மனைவி ராஜாத்தி புதுக்காது கட்டிக்கொண்டே, "பேசாம மருந்தடிச்ச பழம்னு எழுதி வைங்க" என்றாள்.

அட்டையில் எழுதி யானையின் கழுத்தில் மாட்டினான். அப்புறம் ஒரு கையும் நீளவில்லை. அட்டையோடு சேர்த்துப் படம் மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம், கேரளாவுக்குப் பழம் ஏற்றும் ஈஸ்வரபாண்டி போன் செய்தார்.

"வேலு, நாளைக்கு உன் தோட்டத்துல பழம் வெட்ட வேணாம். யானைப் படம் அங்கன பூராம் சுத்துது. மருந்தடிச்ச பழம் வேணாங்குறாக."

"அண்ணே, அது சும்மா எழுதுனது. நம்ம பழம் நல்லா விக்கணும்னுதான் யானையே செஞ்சேன்."

போன் கட்டாகிவிட்டது.

வேல்பாண்டி அட்டையைக் கிழித்தான். தும்பிக்கையிலேயே ஒரு கொத்தைப் பிய்த்து, எல்லோரும் பார்க்கத் தின்றான்.

"நல்ல பழந்தான். எடுத்துச் சாப்பிடுங்கய்யா."

கூட்டத்திலிருந்து ஒரே ஒரு பெரியவர் முன்னால் வந்தார்.

"தம்பி, காலைல அந்தக் காதுல பாதிய நாந்தான் தின்னேன். ஆசுபத்திரிக்குப் போகணுமாய்யா?"