மாப்பிள்ளையின் கைவேலை

"உங்க கார் கதவுல ஒடுக்கு விழுந்த அடையாளமே இல்லையே மாப்ளே! நீங்களே எடுத்தீங்களாமே? என் பொண்ணு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போறா."

ஆணி அடிக்கக்கூடத் துப்பில்லாதவன் என்று பத்து வருஷமாகக் குத்திக்காட்டிய மாமனார், முதல் தடவையாக அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால், வாசலில் அவருடைய புதுக் கார் நின்றது. பின்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு.

"இதையும் எடுத்துடுங்க."

"புது வண்டி மாமா. ஒர்க் ஷாப்ல விட்டுடலாமே?"

"ஒடுக்கை எடுக்காம மேலாப்ல பட்டியை அப்பி ஏமாத்துவானுங்கன்னு நீங்கதானே அவகிட்ட சொன்னீங்க?"

"அப்ப சாவியைக் குடுங்க. ஆபீஸ் ஷெட்ல வச்சு எடுத்துடறேன்."

"எதுக்கு? சுத்தியல், உப்புத்தாள் எல்லாம் வாங்கிட்டே வந்துட்டேன். நீங்க செய்யறதைப் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கணும்."

மனைவி முகமெல்லாம் பெருமையாக அப்பாவுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். எதிர்வீட்டுக்காரரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் அவன் சுத்தியலை வாங்கிக்கொண்டான். போன வாரம் ஆபீஸ் பக்கத்தில் அவனுடைய காரைச் சரிசெய்து கொடுத்த டிங்கர், ஒடுக்கை உள்ளேயிருந்து தட்டினாரா வெளியேயிருந்து தட்டினாரா என்று யோசித்துக்கொண்டே கையை ஓங்கினான்.