மூன்று விரல் வாய்

கிட்ட வந்து இருங்கோ, பிள்ளைகள். கொட்டாஞ்சேனை மக்கீன் வீட்டுக் கதையொன்று சொல்கிறேன்.

போர்க் காலத்தில் குண்டுச் சிதறல் பட்டு உடைந்த தாடைக்கு இராணுவம் கொடுத்த அங்கவீனக் கொடுப்பனவு தொடருமா, நிற்குமா என்று தீர்மானிக்கும் மருத்துவ சபை கூடிய நாள் அது. வாய் நன்றாகத் திறந்தால் கொடுப்பனவு போய்விடும்.

"டொக்டருக்கு முன்னால வீரம் காட்டுறேல்ல. நோகுதெண்டா நோகுதெண்டுதான் சொல்றது" என்று ஆட்டோவிலேயே முடிவாயிற்று. வழி முழுதும், டொக்டரின் அறைக்குள் நுழைந்த பிறகும், மனைவி பலீலாதான் பேசினாள். மக்கீன் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

டொக்டர் கோப்பைப் பிரிக்காமலே மக்கீனின் கன்னத்துத் தழும்பைப் பார்த்தார்.

"வாயைத் திறவுங்க."

யார் எதைச் சொன்னாலும் செய்து பழகிய மக்கீன் திறந்தார். டொக்டர் அளவு பார்க்க வைத்த மூன்று விரலும் தாராளமாக உள்ளே போயிற்று.

"தாடை நல்லாத்தானே இருக்கு! கொடுப்பனவு எதுக்கு?"

பலீலா பதறி எழுந்தாள்.

"ஐயோ டொக்டர், அவர்ட வாயை ஏன் பார்க்கிறீங்க? ஆர்மியில இருந்தது நான்!"

"அப்ப இவர்ட தழும்பு?"

"பலாக்காய் வெட்டப் போய் விழுந்தது, சேர்" என்றார் மக்கீன்.

பலீலா முக்காட்டைத் தளர்த்தினாள். தாடையோரம் நீளமான தழும்பு. திறந்த வாயில் ஒரு விரல்கூடப் போகவில்லை.

"இந்த வாயாலயா இவ்வளவும் கதைச்சீங்க?"

மக்கீன் முந்திக்கொண்டார்.

"இந்தச் சின்ன இடைவெளியால வாற பேச்சுக்கே என்னால ஈடுகொடுக்க ஏலாது, சேர். பார்த்து எழுதுங்க."

டொக்டர் சிரித்தபடியே கொடுப்பனவை நீட்டித்தார்.

உங்கள் வீட்டிலும் பேசுகிற வாயும் கேட்கிற காதும் ஒன்றாய் நெடுங்காலம் நல்லாயிருக்கட்டும், பிள்ளைகள்.