செண்டுமல்லிப் பாத்தி

கீரைப் பாத்தியில் புழு விழுந்தது. சும்மா இல்லை, கண்ணுக்கே தெரியாத நூற்புழுக்கள் கோடிக்கணக்கில் மாநாடு கூட்டி, வேரையெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கவைத்து, என் சிறுகீரையை ஒரே மாதத்தில் மஞ்சளாக்கிவிட்டன. வேளாண் அலுவலகத்துப் பெண் வந்து வேரைப் பார்த்தாள்.

"செண்டுமல்லி போடுங்க சார், புழு அடங்கும். பூத்ததும் செடிய மண்ணோட கொத்திப் புரட்டிட்டுக் கீரை விதைங்க."

கீரை இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. செண்டுமல்லியை நட்டுவிட்டு நாட்களை எண்ணிக்கொண்டு காத்திருந்தேன். பூத்தது. தெருவிளக்கே தேவையில்லை என்கிற அளவுக்குப் பூத்தது. அன்று காலை, எட்டு வருடமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாத பக்கத்து வீட்டுத் தணிகாசலம் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

"ரெண்டு பூ கிடைக்குமா சார்? வீட்டம்மா படத்துக்கு."

கொடுத்தேன். அரைமணி நேரம் நின்று பேசினார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். என் குரலை நானே இவ்வளவு நேரம் கேட்டு ஒரு யுகம் ஆகியிருக்கும்.

பத்தாம் நாள் மண்வெட்டியோடு பாத்தியில் இறங்கினேன். மதிலுக்கு மேல் தலை தெரிந்தது.

"என்ன சார், வெட்டப்போறீங்களா? கீரை போடணும்னு சொன்னீங்களே."

"கீரையா? அந்த வாசமே எனக்கு ஆகாது சார். பூவுக்குத்தான் இன்னொரு பாத்தி வெட்டுறேன். இனிமே தினம் ஒரு லாரி பூ!"

அவர் சிரிக்கவில்லை. பூத்திருந்த செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டுறதுதான் வெட்டுறீங்க," என்றார், "கொஞ்சம் மதில் ஓரமா வெட்டுங்க."