வாய் நிறைய ஈயம்

பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகைக்குப் பின்னால் ஒரு சாமந்திச் செடி தளதளவென்று நின்றது. அதன் வேரோடு ஒரு பூஞ்சை குடியிருந்தது. மண்ணில் ஊறிக் கிடந்த ஈயம் செடிக்குள் போகாதபடி தன் வாயிலேயே அடக்கி வைத்துக்கொள்வதுதான் பூஞ்சையின் வேலை. செடியும் தினமும் அதற்குக் கொஞ்சம் சர்க்கரை கொடுக்கும்.

ஒருநாள் வண்ணத்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது. “இந்த விஷ மண்ணுல எப்படிக்கா இப்படிப் பூத்துக் குலுங்குறீங்க?”

“எங்க வம்சமே அப்படிம்மா,” என்றது செடி. “கீழே ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு பாரு. என் சர்க்கரையைத் தின்னுட்டு உம்முனு உட்கார்ந்திருக்கும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாது.”

பூஞ்சைக்குச் சுருக்கென்றது. இன்றைக்கு நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று வாயைத் திறந்தது. முதல் வார்த்தை வருவதற்குள் இத்துனூண்டு ஈயம் கசிந்து வேருக்குள் ஓடிவிட்டது. மேலே ஓர் இலை மஞ்சளாகிச் சுருண்டது. பூஞ்சை பதறிப்போய் வாயை மூடிக்கொண்டது.

செடி இலையைப் பார்த்தது. பிறகு வண்ணத்துப்பூச்சியை முறைத்தது.

“போதும் தாயே, கிளம்பு! உன் கண்ணு பட்டுடுச்சு!”

கீழே பூஞ்சைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாவம், சிரிக்கக்கூட வாயைத் திறக்க முடியாதே!