ஏறாதேங்கோ

காலையில் இதய ஆபரேஷனுக்கு உள்ளே போன கிருஷ்ணராசா இன்னும் வெளியே வரவில்லை. லண்டன் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில், அவர் மனைவி யசோதினி டி.வி.யை வெறித்துக்கொண்டிருந்தாள். அறுபதுகளில் வாரம் ஒரு கதையாக வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானப் புனைகதைத் தொடரின் மறுஒளிபரப்பு. கறுப்பு வெள்ளை.

விண்கலத்தில் ஆட்கள் வரிசையாக ஏறினார்கள். கடைசி ஆள் மட்டும் ஆஸ்பத்திரி அங்கியில் நின்றார். கிருஷ்ணராசாவேதான்! நேற்று அவள் கட்டிவிட்ட சிவப்புக் கோயில் நூல், அவர் வலது மணிக்கட்டில் சாம்பலாகத் தெரிந்தது.

"இஞ்சேருங்கோ, ஏறாதேங்கோ!" யசோதினி எழுந்தே விட்டாள்.

அவர் கதவைப் பிடித்தார். கேப்டன் உள்ளே எட்டிப் பார்த்தார். இடமில்லை என்று தலையை ஆட்டினார். கிருஷ்ணராசாவின் கையை மெதுவாக விலக்கிக் கதவைச் சாத்தினார். அவரை விட்டுவிட்டு விண்கலம் கிளம்பிவிட்டது.

அப்போதுதான் டாக்டர் வந்தார். இடையில் இதயம் நின்றுவிட்டதாம். பிறகு தானாகவே துடித்ததாம். இனிப் பயமில்லையாம்.

மாலையில் கிருஷ்ணராசா கண் திறந்தார்.

"வாசல் மட்டும் போனனான் யசோ. இடமில்லையெண்டு திருப்பி அனுப்பிப்போட்டாங்கள்."

"அகதியாப் போனநேரம் ஜெர்மன்காரனும் உங்களை இப்பிடித்தானே திருப்பி அனுப்பினவன்," அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அண்டைக்கு ஒரு கிழமை அழுதனான். இண்டைக்குத் தேங்காய் உடைக்கப் போறன்."

போர்வைக்குள்ளிருந்து அவர் வலது கையை எடுத்தாள். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை அது கறுப்பு வெள்ளையாக இருந்தது. தோல், நகம், நூல் எல்லாமே சாம்பல்.

யசோதினி நர்ஸைக் கூப்பிடவில்லை. தன் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். முதலில் விரல்கள் நிறம் பிடித்தன. கடைசியில் நூலும் சிவந்தது.